சின்னக்கா சேர்த்த மைல்

பொய்ப்பல் செய்யும் கூடத்தில் சின்னக்காவின் மேசை ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. அந்த இடத்துக்கு எத்தனையோ பேர் ஆசைப்பட்டார்கள். காற்று வரும், தெரு தெரியும். முதலாளி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பல்லின் நிறம் விளக்கில் ஒன்றாகவும் பகலில் வேறாகவும் தெரியும். பீங்கான் பூசுகிறவளுக்குத்தான் பகல் வெளிச்சம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். டாக்டர் சீட்டில் என்ன எண் எழுதி அனுப்பினாலும் சரி, பல்லின் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இது அந்த நிறம் இல்ல, ஓரத்துல கொஞ்சம் சாம்பல் ஓடுது" என்று சின்னக்கா சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது.

வீட்டில் அவர்கள் மூன்று பேர். மூத்தவள் பெரியக்கா, நடுவில் இவள், கடைசியில் தம்பி. தம்பி கூப்பிட்ட பெயர் எப்படியோ கூடம் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயதில், அவளைவிட ஒன்பது வயது மூத்த முதலாளிக்கும் அவள் சின்னக்காதான். கல்யாணம் என்று ஒன்று அவள் வாழ்க்கையில் வருவதாகச் சொல்லி வராமலே போய்விட்டது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் விட்டுவிடலாம்.

பீங்கான் பொடி, பல்லைத் தேய்க்கும் சின்னச் சின்ன முனைகள், ஒற்றை மயிர் தூரிகை, பூச்சைச் சுடுகிற சூளைக்குள் வைக்கும் தட்டு, இவையெல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எது குறைகிறது என்று முதலில் தெரிவது பூசுகிறவளுக்கு என்பதால், வாங்குகிற வேலையும் மெல்ல அவள் தலையில் வந்து விழுந்தது. முதலாளிக்கு இணையத்தில் கார்டு எண்ணைப் போடுவதென்றால் பயம். "நீங்களே வாங்கிடுங்க சின்னக்கா, பில்லு வந்ததும் பணத்தக் குடுத்துடறேன்" என்பார். சொன்னபடி கொடுத்தும்விடுவார். அந்த விஷயத்தில் மனிதர் சுத்தம்.

ஆனால் கார்டு வேண்டுமே. சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுக்கிற இடம் அது. வங்கியில் போய்க் கேட்டபோது, சம்பளச் சீட்டு எங்கே என்றார்கள். கவரைக் காட்ட முடியுமா. அப்போதுதான் தம்பி பெரிய மனது பண்ணினான். அவனிடம் ஒரு விமானக் கம்பெனியின் கார்டு இருந்தது. அதோடு சேர்த்து, அவள் பெயர் போட்டு, இன்னொரு கார்டு வாங்கித் தந்தான்.

"இதுல ஒரு விசேஷம் இருக்கு சின்னக்கா. செலவு பண்ண பண்ண மைல் ஏறும். வெளிநாட்டுப் பணத்துல வாங்கினா மூணு மடங்கு. நீ வாங்குறது எல்லாமே அங்க இருந்துதானே. சேத்து வச்சா ஒரு நாள் பெரியக்காவ போய் பாத்துட்டு வரலாம், ஓசியில."

"அப்ப மைல் எனக்கா?"

"பின்ன யாருக்கு? செலவு பண்றது நீ."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்ன வார்த்தை. செருப்பு மாட்டி முடித்ததோடு அவனுக்கு அது முடிந்தது. அவளுக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

பெரியக்கா கடல் தாண்டிப் போய் அப்போது ஐந்து வருடம். அத்தானுக்கு அங்கே ஒரு கிடங்கில் வேலை. இரண்டு விமானம் மாறிப் போக வேண்டிய ஊர். போக வர டிக்கெட்டின் விலை, சின்னக்காவின் ஏழு மாதச் சம்பளம். மைலில் போனால் தொண்ணூறாயிரம் மைல். இந்த எண்ணை அவள் தம்பியிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். பீங்கான் பொடி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, மேலே தொண்ணூறாயிரம் என்று எழுதி, கீழே ஒவ்வொரு ஆர்டருக்கும் எத்தனை ஏறியது என்று கூட்டிக்கொண்டே போனாள்.

அதன்பிறகு அவள் வாங்குகிற விதமே வேறாகிவிட்டது. அடுத்த தெருக் கடையில் கிடைக்கும் மெழுகுக் கட்டியும் வெளிநாட்டில் அதே விலை என்றால் வெளிநாட்டுக்குத்தான் ஆர்டர் போகும். பணம் கட்டுகிற பக்கத்தில் 'உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டலாமே' என்று ஒரு பொத்தான் இனிக்க இனிக்கக் கேட்கும். அதை அமுக்கினால் அது உள்ளூர்ச் செலவாகிவிடும், மூன்று மடங்கு ஒரு மடங்காகிவிடும். அந்தப் பொத்தானுக்கு அவள் ஒரு நாளும் மசியவில்லை. பக்கத்து மேசை மெழுகுக்காரர், அதாவது பல்லுக்கு முதலில் மெழுகில் உருவம் செய்கிறவர், இதை வைத்தே அவளைச் சீண்டுவார்.

"தரை துடைக்கிற துணி கிழிஞ்சு போச்சு சின்னக்கா. எந்த நாட்டுல இருந்து வரவழைக்கலாம்?"

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு வரவழைக்கணும். அதுக்கு எத்தன மைல் ஏறும்னு பாத்துச் சொல்றேன்."

இதில் இன்னொரு சங்கதி யாருக்கும் தெரியாது. வெளிநாட்டுப் பணத்தில் வாங்கினால், கார்டுக்காரன் நூற்றுக்கு மூன்றரை தனியாகப் பிடித்துக்கொள்வான். முதல் தடவை பில்லில் அதைப் பார்த்தபோது முதலாளியிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால், அப்படியானால் உள்ளூரிலேயே வாங்கிவிடுங்களேன் என்பார். பொருளின் விலையை மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டு, அந்த மூன்றரையைத் தன் கவரிலிருந்து எடுத்துத் தம்பியிடம் கட்டினாள். மாதா மாதம். பஸ்ஸில் போகிற தூரத்தை நடந்தாள். கண்ணாடியின் கால் உடைந்தபோது கம்பியை வைத்துக் கட்டிக்கொண்டாள். ஓசி டிக்கெட்டுக்காக அவள் கொடுத்த விலை இது. அவளைக் கேட்டால், ஓசி என்றுதான் சத்தியம் செய்திருப்பாள்.

நான்காவது வருடம் பெரியக்காவிடமிருந்து அந்தச் செய்தி வந்தது. கண்ணில் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருகிற ஒரு நோய். மருந்தில்லை. காகிதத்தைச் சுருட்டி அதன் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரிகிறது என்றாள். இரண்டு வருடம் தாக்குப் பிடிக்கும், அதிகம் போனால் இரண்டரை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஃபோன்ல உன்னப் பாத்தா மூக்கு தெரியுது, கண்ணு தெரியல. கண்ணப் பாத்தா வாய் போயிடுது," என்றாள் பெரியக்கா. "நேர்ல வந்து என் முன்னாடி நில்லுடி. தலையில இருந்து கால் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா பாத்து வச்சுக்கிறேன். அப்புறம் எது போனாலும் போகட்டும்."

"வர்றேன்க்கா. மைல் சேந்துகிட்டிருக்கு."

கடனை உடனை வாங்கிக்கொண்டு அன்றைக்கே கிளம்பியிருக்கலாமே என்று தோன்றும். யாருக்கும் தோன்றும். தாளில் அன்று ஐம்பத்தாறாயிரம் இருந்தது. வருடத்துக்குப் பதினாலாயிரம் ஏறுகிறது. கணக்குப் போட்டால் இரண்டரை வருடத்துக்குள் வந்துவிடும், டாக்டர் சொன்ன கெடுவும் அதுவே. ஆர்டரைக் கொஞ்சம் கூட்டினால் முன்னாலேயே வந்துவிடும். அதோடு, யாரிடமும் கை நீட்டியதில்லை என்கிற வீம்பு ஒன்று அவளிடம் உண்டு. தனியாக வாழ்கிற பெண்ணுக்கு அது சோற்றுக்குச் சமம். சேர்த்ததை வைத்தே போய்விடலாம் என்று இருக்கும்போது எதற்காகக் கடன்?

ஆறாவது வருடத்தில் ஒரு நாள் தம்பி வந்தான்.

"ஆபீஸ்ல அனுப்புறாங்க சின்னக்கா. பெரியக்கா ஊருக்கேதான். அவளையும் கூட்டிட்டுப் போறேன், அவ டிக்கெட் நம்ம செலவு." அவள் என்றது தன் மனைவியை.

சின்னக்காவுக்கு ஒரு நொடி நெஞ்சைக் கிள்ளியது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவள் கூசினாள். "போயிட்டு வாடா. அக்காவுக்கு உன்னையாவது பாத்த மாதிரி இருக்கும்," என்றாள். பிறகு நிறம் பார்க்கும் அட்டையை எடுத்து அவனிடம் கொடுத்தாள். பல் வடிவத்தில் வரிசையாகப் பதினாறு துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். பெரியக்காவின் முன்பல் ஒன்று உடைந்தபோது, படத்தை வைத்துக்கொண்டு இவள்தான் பல் செய்து தபாலில் அனுப்பியிருந்தாள். ஒரு படி வெளுப்பாகப் போய்விட்டது. பெரியக்கா சிரிக்கிற ஒவ்வொரு படத்திலும் அந்தப் பல் தனியாக வந்து இவளைப் பார்த்து இளித்தது.

"காலைல, ஜன்னல் பக்கத்துல நிக்க வச்சு, அக்கா பல்லுகிட்ட இத ஒண்ணொண்ணா வச்சுப் பாரு. எது ஒத்துப்போகுதோ அதோட படம் எடுத்துட்டு வா. விளக்கு வெளிச்சத்துல எடுக்காத."

அவன் படம் எடுத்து வந்தான். ஏதோ ஓட்டலின் மஞ்சள் விளக்கின் கீழே. பதினாறு துண்டும் ஒரே மஞ்சள், பெரியக்காவும் மஞ்சள். சின்னக்கா பார்த்துவிட்டு, "பரவால்லடா" என்றாள்.

கூடவே ஒரு பரிசும் கொண்டுவந்திருந்தான். கைக்கு அடக்கமான கருநீலப் பை, நல்ல ஜிப். உள்ளே விரல் நீளத்துக்குப் பற்பசை, ஒரு சீப்பு, உதட்டுக்குத் தடவும் களிம்பு, தூங்கும்போது கண்ணை மூடிக்கொள்ள ஒரு கறுப்புப் பட்டை. "உனக்குன்னு எடுத்து வச்சேன் சின்னக்கா," என்றான். அவளுக்கு அந்தப் பை மிகவும் பிடித்துவிட்டது. தூரிகைகளைப் போட்டு வைக்க அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. மறுநாளே ஜன்னல் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

நான்கு மாதம் அது மேசைமேலேயே இருந்தது. தாளில் எண்பத்து நாலாயிரம் ஏறியிருந்தது. இன்னும் ஆறாயிரம். சூளைத் தட்டுகள் மாற்ற வேண்டிய காலம். அந்த ஆர்டரும் அடுத்த பொடி ஆர்டரும் போனால் தீர்ந்தது. பாஸ்போர்ட்டைக்கூடப் புதுப்பித்து வைத்துவிட்டாள்.

வருடத்துக்கு ஒரு முறை சூளையைப் பழுது பார்க்க ஒரு மெக்கானிக் வருவார். சூளை செய்கிற கம்பெனியே அனுப்புகிற ஆள். மாதத்தில் பாதி நாள் ஆகாயத்தில் இருப்பவர். திருப்புளியை வைத்துவிட்டு நிமிர்ந்தவர் மேசைமேல் பையைப் பார்த்தார்.

"என்ன சின்னக்கா, முன்னாடி சீட்டுல எல்லாம் பறக்க ஆரம்பிச்சிட்டீங்களா? சொல்லவே இல்ல."

"எந்த முன்னாடி சீட்டு?"

"இந்தப் பை அங்க படுத்துட்டுப் போறவங்களுக்கு மட்டும்தான் தருவான். என்ன மாதிரி பின்னாடி முழங்கால் இடிச்சிட்டு உக்காந்திருக்கிறவனுக்கு ஒரு தண்ணி பாட்டில். அதோட சரி."

"என் தம்பி கொண்டு வந்து குடுத்தான். ஆபீஸ்ல அனுப்பினாங்க."

"ஆபீஸ்ல முன்னாடி சீட்டுல அனுப்புறாங்களா? அப்ப உங்க தம்பி பெரிய அதிகாரி."

தம்பி பெரிய அதிகாரி இல்லை. சின்ன அதிகாரிகூட இல்லை. "அவன் பொண்டாட்டியும் கூடப் போனா," என்றாள், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே.

"அப்ப மைல் வச்சு மாத்தியிருப்பார். பின் சீட்டு டிக்கெட் வாங்கிட்டு, மைலக் குடுத்து முன்னாடி போறது. விவரமான ஆளுங்க அப்படித்தான் செய்வாங்க," என்று சொல்லிவிட்டு மெக்கானிக் சூளைக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவர் பாவம், எந்தத் தீங்கும் நினைக்கவில்லை.

சின்னக்கா பையை எடுத்துத் தூரிகைகளைக் கொட்டிவிட்டு உள்ளே பார்த்தாள். இத்தனை நாள் கண்ணில் படாத ஒன்று அடியில் கிடந்தது. காலுறைப் படம் போட்ட ஒரு காகித வளையம், காலுறை இல்லாமல். யாரோ அதை மாட்டிக்கொண்டு, காலை நீட்டி, நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

கார்டின் பின்பக்கம் போட்டிருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தாள். இருபது நிமிடம் இசை கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் வந்தாள். என் பேரில் எத்தனை மைல் இருக்கிறது என்று சின்னக்கா கேட்டாள்.

"உங்களோடது துணைக் கார்டு மேடம். துணைக் கார்டுக்குன்னு தனியா மைல் கிடையாது. எல்லாம் மெயின் கார்டு வச்சிருக்கிறவர் கணக்குல போகும்."

"சரி, அதுல எவ்வளவு இருக்கு?"

"அத நாங்க மெயின் கார்டு வச்சிருக்கிறவர்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும் மேடம்."

"ஆறு வருஷமா செலவு பண்றது நான்மா."

"புரியுது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் மேசைமேல் போர்வையை விரித்து, வாரம் முழுவதுக்குமான சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி சோபாவில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சின்னக்கா உட்காரவில்லை. பையை எடுத்து, தேய்த்து மடித்த சட்டைகளின்மேல் வைத்தாள்.

"என் மைல்ல எவ்வளவுடா மிச்சம் இருக்கு?"

தம்பி பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். மறுக்கவில்லை என்பதை மட்டும் அவன் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

"ஒண்ணும் இல்ல. போகும்போது ரெண்டு பேருக்கும் சீட்டு மாத்தினதுல போயிடுச்சு."

"அண்ணி, எனக்கு முதுகு வலி உங்களுக்குத் தெரியும்ல," என்றாள் அவன் மனைவி. "பதினோரு மணி நேரம் நிமிந்து உக்காந்தா நான் எந்திரிச்சே இருக்க மாட்டேன்."

சின்னக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. "எண்பத்து நாலாயிரம்டா," என்றாள். "ஒவ்வொண்ணா எழுதி வச்சிருக்கேன். இன்னும் ஆறாயிரம் இருந்தா நான் அக்காவப் பாத்திருப்பேன்."

"அதான் இல்ல சின்னக்கா." தம்பியின் குரலில் இப்போது ஒரு தெம்பு வந்தது, தன் பக்கம் நியாயம் கிடைத்துவிட்டவனின் தெம்பு. "உன்கிட்ட எண்பத்து நாலாயிரம் எப்பவும் இருந்ததே இல்ல. மூணு வருஷம் ஆச்சுன்னா மைல் தானா அழிஞ்சிடும். நீ இந்தப் பக்கம் ஏத்த ஏத்த, அந்தப் பக்கம் பழசு போய்க்கிட்டே இருந்துச்சு. என்னைக்கு எடுத்துப் பாத்தாலும் நாப்பதாயிரம், நாப்பத்திரண்டாயிரம், அவ்வளவுதான். நீ பத்து வருஷம் வாங்கினாலும் தொண்ணூறாயிரம் வந்திருக்காது. என்னோடதையும் போட்டதுனாலதான் சீட்டே மாறுச்சு. சும்மா அழிஞ்சு போறத எடுத்து உபயோகிச்சேன். அது தப்பா?"

சின்னக்கா அந்தத் தாளை நினைத்தாள். அலமாரிக் கதவின் உள்பக்கம், ஆறு வருடக் கூட்டல். அதில் பாதி செத்துப்போன எண்கள். செத்ததையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு இவள் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருக்கிறாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல்ல இருந்தே தெரியும். அதுல போட்டிருக்கானே."

"எனக்கு ஏன்டா சொல்லல?"

தம்பி ஒரு சட்டையை எடுத்துக் கழுத்துப் பட்டையை நீவினான். "நீ சந்தோஷமா எழுதிட்டிருந்த. அத ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

தெருவில் போகிறவன் ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். இவன் அவள் இடுப்பில் ஏறி வளர்ந்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால், அக்காவின் கண் போகிறது என்று தெரிந்த அன்றைக்கு, "சின்னக்கா, அது கைக்கு வராது, வேற வழி பாரு" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அன்றே முதலாளியின் காலில் விழுந்தாவது போயிருப்பாள். அந்த ஒரு வரிக்குச் செலவு ஒன்றும் இல்லை. நூற்றுக்கு மூன்றரைகூட இல்லை.

"நான் மாசா மாசம் கட்டினேனே, அந்த மூணரை," என்றாள். "அதுலதான்டா உன் பொண்டாட்டி கால நீட்டிட்டுப் போனா."

"அத வேணா திருப்பி வாங்கிக்க. இப்பவே தர்றேன்," என்று அவன் பர்ஸைத் தேட ஆரம்பித்தான். "அடுத்த வருஷம் நானே உனக்கு டிக்கெட் போட்டுத் தர்றேன், போதுமா?"

சின்னக்கா கார்டை எடுத்துப் பையின்மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். ஆரஞ்சு சாப்பிட்டுவிட்டுப் போங்கள் அண்ணி என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

திங்கட்கிழமை காலை முதலாளியிடம் போய் நின்று, வாழ்க்கையில் முதல் முறையாகக் கை நீட்டினாள். முதலாளி காரணம் கேட்டார், சொன்னாள். தம்பி விஷயத்தைச் சொல்லவில்லை, அக்காவின் கண்ணை மட்டும் சொன்னாள்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே சின்னக்கா," என்றார் அவர். "ஏழு மாசச் சம்பளமா? சரி, கொஞ்சம் கொஞ்சமா கழிச்சுக்கலாம். எத்தன நாள் வேணும்? ஒரு மாசமா? போயிட்டு வாங்க. நாலு பல்லு வெளுப்பா போனா போகட்டும்."

இவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதைத் தவிர்ப்பதற்காக ஆறு வருடம் நடந்து போயிருக்கிறாள். அலமாரியைத் திறந்து அந்தத் தாளைக் கிழித்தாள். பசை ஒட்டிய நான்கு மூலைகள் மட்டும் வராமல் நின்றன. மெழுகுக்காரர் பார்த்தும் பார்க்காதது போலத் தன் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

விசா நேர்காணலுக்கு ஐந்து வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. மூன்றாவது வாரம் அத்தானிடமிருந்து ஃபோன் வந்தது. பெரியக்கா மாடிப்படியில் தவறி விழுந்தாளாம். அடி பெரிதாக இல்லை. ஆனால் விழுந்ததற்குக் காரணம் படி தெரியாதது. நடுவில் மிச்சமிருந்த வெளிச்சமும் அந்த வாரத்திலேயே மூடிக்கொண்டுவிட்டது. பகலா இரவா என்று மட்டும் தெரிகிறதாம். டாக்டர் சொன்ன இரண்டரை வருடக் கெடுவுக்கு இன்னும் நாலைந்து மாதம் இருந்தது.

அதற்குப் பத்து நாள் கழித்துப் பெரியக்காவே பேசினாள். காலை பதினோரு மணி, கூடத்தில் ஜன்னல் வெளிச்சம் நன்றாக இறங்கியிருந்த நேரம். சின்னக்கா ஒரு கடைவாய்ப் பல்லுக்கு இரண்டாவது பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். தூரிகையை வைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள். படத்தில் ஒரு கூரையும் கூரையில் ஒரு விளக்கும் தெரிந்தன. ஃபோனை எந்தப் பக்கம் பிடிப்பது என்று பெரியக்காவுக்கு இனி தெரியாது.

"இருக்கியாடி?"

"இருக்கேன்க்கா. நான் வர்றேன்க்கா, இன்னும் நாலே நாள்ல விசாவுக்கு..."

"இப்ப எதுக்குடி அவ்வளவு செலவு. வந்தாலும் நீ பேசுறதத்தான் கேக்கப் போறேன், அது இப்பவே கேக்குது." குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த குரல் அது. "உன் முகம் எனக்கு எப்படி இருக்கு தெரியுமா? நாங்க கிளம்பின அன்னைக்கு ஏர்போர்ட்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு மூக்கச் சிந்திட்டிருந்தியே, அந்த முகம்தான். உனக்கு இனிமே வயசே ஆகாது."

சின்னக்கா கம்பி கட்டிய கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"ஆனா ஒண்ணு," என்றாள் பெரியக்கா. "தம்பி வந்தப்ப அவன நல்லாப் பாத்துக்கிட்டேன். அப்ப நடுவுல தெளிவா தெரிஞ்சுது. காலைல ஜன்னல்கிட்ட நிறுத்தி வச்சு, நெத்தி, கண்ணு, தாடைன்னு கொஞ்சம் கொஞ்சமா. காதோரம் நரைச்சிடுச்சுடி அவனுக்கு. தாடையில அப்பா மாதிரியே ஒரு குழி. நான் கடைசியா முழுசா பாத்த முகம் அதான். தினம் எழுந்ததும் அதத்தான் எடுத்துப் பாத்துக்கிறேன். இவ்வளவு தூரம் மெனக்கெட்டு வந்தானே பிள்ள."

சின்னக்கா தூரிகையை எடுத்து, அதில் காய்ந்திருந்த பீங்கானைக் கழுவினாள்.

"சின்னக்காவ ஏன்டா கூட்டிட்டு வரலன்னு கேட்டேன்," என்று பெரியக்கா தொடர்ந்தாள். "நான் டிக்கெட் போடுறேன்னு எவ்வளவோ சொன்னேன்க்கா, அவளுக்கு வேலையில லீவு குடுக்கவே மாட்டேன்றாங்கன்னான். முகமே வாடிப் போச்சு அவனுக்கு. அந்த முதலாளிய நினைச்சா எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. ஒரு வாரம் விட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பான்? நீ அத நினைச்சு மனசு விட்டுடாத. உன் மேல தப்பில்ல. நிஜமாவே லீவு குடுக்கலையாடி?"

எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. பை, காலுறை, எண்பத்து நாலாயிரம், மூன்றரை, மூன்று வருடம். பத்து வாக்கியம் போதும். பத்தாவது வாக்கியம் முடிவதற்குள், அக்கா தினம் காலையில் எடுத்துப் பார்க்கிற அந்த முகம் கெட்டுப்போகும். வேறு முகம் எடுத்து வைத்துக்கொள்ள அக்காவுக்குக் கண் இல்லை. அப்படியொரு முகத்தை அவனுக்கு விட்டுவைக்க வேண்டியிருக்கிறதே என்று சின்னக்காவுக்கு ஆத்திரமாக வந்தது.

"ஆமாக்கா," என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "இந்த முதலாளி லீவே குடுக்கல."

இரண்டு மேசை தள்ளி, ஒரு பல்லை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்த முதலாளி திரும்பி அவளைப் பார்த்தார்.